பாடாத பிரின்ஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்கப் பாப் இசைக் கலைஞர் பிரின்ஸ், பாடல்கள் மட்டுமின்றி ஜாஸ் சாயல் கொண்ட வாத்திய இசைத் தொகுப்புகளையும் வெளியிட்டிருக்கிறார் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியை ஒட்டிப் பல கடிதங்கள் வந்துவிட்டன. சிலர் அவற்றைக் கேட்டதே இல்லை என்கிறார்கள். சிலர் கேட்டுவிட்டுத் தங்களுக்குள் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனவே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பிரின்ஸ் என்றாலே குரல், நடனம், கிதார் ஆகியவைதாம் நினைவுக்கு வருகின்றன. அவர் பாடாமலேயே முழுத் தொகுப்புகள் செய்தார் என்பதை இப்போதுதான் அறிகிறேன். அவை எவை?

பதில்: இரண்டு காலகட்டங்களாகப் பிரித்துப் பார்த்தால் எளிதாக விளங்கும். முதலாவது, 1987-ஆம் ஆண்டு. அந்த ஆண்டு ஜனவரியில் ‘மேட்ஹவுஸ்’ என்ற குழுவின் பெயரில் ‘8’ என்ற தொகுப்பும், நவம்பரில் அதே குழுவின் ‘16’ என்ற தொகுப்பும் வெளிவந்தன. முதல் தொகுப்பில் இருந்த எட்டு உருப்படிகளுக்கும் ஒன்று முதல் எட்டு வரையிலான எண்களே தலைப்புகள். இரண்டாவது தொகுப்பு ஒன்பதில் தொடங்கிப் பதினாறில் முடிந்தது. இரண்டாவது காலகட்டம், 2003-ஐ ஒட்டிய ஆண்டுகள். அப்போது தம் சொந்தப் பெயரிலேயே ‘எக்ஸ்பெக்டேஷன்’, ‘நியூஸ்’ ஆகிய தொகுப்புகளை வெளியிட்டார். 2002 இசைப்பயணத்தின்போது, நிகழ்ச்சிகளுக்கு முன் நடக்கும் ஒலிச்சோதனைகளில் வாசித்தவற்றைத் திரட்டிய ‘சி-நோட்’ என்ற தொகுப்பும் இந்த வரிசையைச் சேர்ந்தது. கோபன்ஹேகன், நகோயா, ஒசாகா, டோக்கியோ என்று வாசித்த ஊர்களின் பெயர்களே அதில் பெரும்பாலான உருப்படிகளின் தலைப்புகளாக இருக்கின்றன.

விதை இவற்றுக்கும் முன்னால் விழுந்தது. 1985-இல் ‘தி ஃபேமிலி’ என்ற குழுவுக்காக பிரின்ஸ் ஒரு தொகுப்பை உருவாக்கிக் கொடுத்தார். பின்னாளில், 1990-இல், ஷினேட் ஓ’கானர் பாடி உலகப் புகழ் பெற்ற பாடல் முதலில் அந்தத் தொகுப்பில்தான் இடம்பெற்றிருந்தது. அதே தொகுப்பில் இருந்த இரண்டு வாத்திய உருப்படிகளைப் பலரும் கவனிக்கவில்லை. சாக்ஸபோன் கலைஞர் எரிக் லீட்ஸ், பிரின்ஸின் இசைக்குள் நுழைந்தது அங்கேதான். அந்த இருவரின் நட்பிலிருந்துதான் மேட்ஹவுஸ் பிறந்தது.

கேள்வி: எனக்கும் என் நண்பருக்கும் இடையே பல மாதங்களாக ஒரு விவாதம் தொடர்கிறது. மேட்ஹவுஸின் ‘8’ அசலான ஜாஸ் என்கிறேன் நான். ‘ஒரே ஆள் அறைக்குள் அமர்ந்து எல்லா வாத்தியங்களையும் வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தது எப்படி ஜாஸ் ஆகும்? அது மெருகேற்றிய பின்னணி இசை’ என்கிறார் அவர். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் நண்பரின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஜாஸ் இசையின் உயிர், ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் அந்தக் கணத்திலேயே மறுமொழி சொல்வதில் இருக்கிறது. சாக்ஸபோன் ஒரு சொற்கட்டை எதிர்பாராத இடத்தில் முறித்தால் டிரம்ஸ் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பியானோ ஒரு சுரத்தை மாற்றி வைத்தால், தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் வாத்தியத்தை வாசிப்பவர் அந்த நொடியில் வழிவிட வேண்டும். ‘8’ பதிவானபோது இது நடக்கவில்லை என்பது உண்மைதான். 1986-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், சில நாட்களுக்குள்ளாக, தாளம், பேஸ், விசைப்பலகை ஆகிய அனைத்தையும் பிரின்ஸ் தாமே வாசித்துப் பதிவு செய்தார்; அதன்மேல் லீட்ஸ் சாக்ஸபோனும் புல்லாங்குழலும் வாசித்தார். ஆகவே அங்கே லீட்ஸால் பிரின்ஸுக்கு மறுமொழி சொல்ல முடிந்தது. ஏற்கெனவே பதிவாகிவிட்ட பிரின்ஸின் டிரம்ஸால் லீட்ஸுக்கு மறுமொழி சொல்ல முடியவில்லை. உரையாடல் ஒரு திசையில் மட்டுமே ஓடுகிறது. கூர்ந்து கேட்டால் இது காதிலும் விழும். சாக்ஸபோன் உச்சத்தை நோக்கி ஏறும் இடங்களில் கீழே உள்ள தாளம் அதனோடு சேர்ந்து கொதிப்பதில்லை. தன் பாட்டுக்குச் சீராகப் போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் இதை வைத்து ‘ஜாஸ் இல்லை’ என்ற முடிவுக்கு வர நான் ஒப்பமாட்டேன். ஜாஸ் வரலாற்றின் மூலவர்களில் ஒருவரான சிட்னி பெஷே, 1941-லேயே கிளாரினெட், இரண்டு வகைச் சாக்ஸபோன்கள், பியானோ, பேஸ், டிரம்ஸ் அனைத்தையும் தாம் ஒருவரே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்து இசைத்தட்டு வெளியிட்டார். பியானோ மேதை பில் எவன்ஸ் 1963-இல் தம் வாசிப்பின்மேல் தாமே இரண்டு முறை வாசித்து, மூன்று பியானோக்கள் பேசிக்கொள்வதுபோல் ஒரு முழுத் தொகுப்பையே அமைத்தார். அவற்றை யாரும் ஜாஸ் வரலாற்றிலிருந்து நீக்கிவிடவில்லை. பதிவு செய்யும் முறை ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்தால் பெஷேயையும் எவன்ஸையும் சேர்த்தே வெளியேற்ற நேரிடும்.

பதிவு முறையை விட்டுவிட்டு, அமைப்பு எதன்மேல் நிற்கிறது என்று கேட்பதே பயன் தரும். இந்தத் தொகுப்பின் அடித்தளம் ஃபங்க் தாளம், அதாவது கறுப்பின அமெரிக்க நடன இசையின் அழுத்தமான, சுழன்று வரும் தாளம். 1970-களின் தொடக்கத்தில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸும், 1973-இல் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கும் ஜாஸ் மனோதர்மத்தை ஃபங்க் தாளத்தின்மேல் ஏற்றி வைத்தார்கள் அல்லவா, அந்த மரபின் சிறிய, செறிவான கிளை இது. ஹான்காக் குழுவினர் ஒரு தாளச் சுழலைப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் விரித்துக்கொண்டு போன இடத்தில், பாடல் எழுதிப் பழகிய பிரின்ஸ் பெரும்பாலும் நான்கைந்து நிமிடங்களில் சொல்ல வேண்டியதைச் சொல்லி நிறுத்திவிடுகிறார். ஐந்தாவது உருப்படி ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டி முடிந்துபோகிறது. எட்டாவது மட்டும் பத்து நிமிட அளவுக்கு நிதானமாக நீள்கிறது. ஆறாவது உருப்படியைக் கேட்டுப் பாருங்கள். சாக்ஸபோன் வாசிக்கும் அந்தக் குறுகிய மெட்டு, ஒரு பாடகர் பல்லவியைப் பாடுவதுபோலவே திரும்பத் திரும்ப வருகிறது. அது அமெரிக்காவின் பில்போர்டு இதழினுடைய கறுப்பின இசைப் பட்டியலில் ஐந்தாம் இடத்தை எட்டியது. வரிகளே இல்லாத ஓர் உருப்படிக்கு அந்தப் பட்டியலில் அத்தகைய இடம் கிடைப்பது எளிதன்று.

என் தீர்ப்பைக் கேட்டால், ‘8’ உரையாடலில் குறைந்த, மெட்டமைப்பில் நிறைந்த ஜாஸ்–ஃபங்க் தொகுப்பு. ‘பின்னணி இசை’ என்ற சொல்லை மட்டும் உங்கள் நண்பர் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் அமெரிக்க வானொலிகளில் ஓடிக்கொண்டிருந்த மென்மையான வாத்திய இசை, கேட்பவரின் கவனத்தைக் கலைக்காமல் இருப்பதற்காகவே செய்யப்பட்டது. ‘8’ அப்படி ஒதுங்கி நிற்பதில்லை. தாளம் முன்னால் வந்து மோதுகிறது. பேஸ் கோடுகள் வளைந்து வளைந்து மெட்டைத் துரத்துகின்றன. மெல்ல நகரும் உருப்படிகளில்கூட அமைதிக்கு அடியில் ஒரு பதற்றம் இருக்கிறது.

கேள்வி: அவ்வளவு நல்ல தொகுப்பு என்றால் தம் பெயரை ஏன் மறைத்தார்? ஜாஸ் விமர்சகர்களுக்கு அஞ்சினாரா?

பதில்: தொகுப்பின் அட்டையில் அவர் பெயர் இல்லை என்பது உண்மைதான். அச்சமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. 1980-களில் அவர் இப்படிப் பல பெயர்களில், பல குழுக்களின் வழியாகத் தம் படைப்புகளை வெளியிட்டுக்கொண்டே இருந்தவர். புனைபெயரில் பிறருக்குப் பாடல் எழுதிக் கொடுத்தவர். ஓர் ஆண்டில் ஒரு கலைஞரிடமிருந்து ஒரு தொகுப்புப் போதும் என்று இசை நிறுவனங்கள் கருதிய காலத்தில், அவருடைய வேகத்துக்கு ஒரு பெயர் போதவில்லை. ‘8’ வெளிவந்து இரண்டே மாதங்களில், 1987 மார்ச் இறுதியில், ‘சைன் ஓ த டைம்ஸ்’ என்ற இரட்டைத் தொகுப்பு வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டின் ஐரோப்பியப் பயணத்தில் முதலில் மேடையேறி வாசித்த குழுவும் மேட்ஹவுஸ்தான். தம் நிகழ்ச்சிக்குத் தாமே உருவாக்கிய குழுவை முன்னோட்டமாக நிறுத்தினார்.

கேள்வி: ‘16’ பற்றி யாரும் பேசுவதில்லையே?

பதில்: பேசுவதற்குக் குறைவாகவே இருக்கிறது என்பதுதான் என் எண்ணம். பிரின்ஸின் மேடைக் குழுவைச் சேர்ந்த லீவை சீசர், மாட் ஃபிங்க், ஷீலா ஈ ஆகியோரின் பங்களிப்பால் ஒலி அகன்றிருக்கிறது. ஆனால் மெட்டுகள் ‘8’-இல் இருப்பவைபோல் மனத்தில் தங்குவதில்லை. இடையிடையே வரும் திரைப்பட வசனத் துணுக்குகள் முதல் முறை சுவையாக இருக்கும். அடுத்தடுத்துக் கேட்கும்போது இசைக்கு இடையூறாகவே படுகின்றன. பத்தாவது உருப்படியை மட்டும் தவறவிடாதீர்கள்.

கேள்வி: ‘எக்ஸ்பெக்டேஷன்’ சிறந்ததா, ‘நியூஸ்’ சிறந்ததா? எங்கள் ரசிகர் வட்டத்தில் ‘நியூஸ்’ தூக்கத்தை வரவழைக்கிறது என்று ஒரு கட்சியும், அதுதான் அவருடைய ஒரே முழுமையான ஜாஸ் முயற்சி என்று மறு கட்சியும் மோதிக்கொள்கின்றன.

பதில்: இந்த இரண்டையும் ஒப்பிட நமக்கு ஓர் அரிய வாய்ப்பு இருக்கிறது. இரண்டிலும் பேஸ் வாசித்தவர் ரோண்டா ஸ்மித். டிரம்ஸ் வாசித்தவர் ஜான் பிளாக்வெல். ‘எக்ஸ்பெக்டேஷன்’ 2003 ஜனவரி முதல் நாளில், பிரின்ஸ் நடத்திவந்த ‘என்பிஜி மியூசிக் கிளப்’ உறுப்பினர்களுக்கு இணையத்தின் வழியே பதிவிறக்கமாகக் கிடைத்தது. அதே ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள், மினியாபொலிஸை அடுத்த சான்ஹாசனில் உள்ள அவருடைய பெய்ஸ்லி பார்க் ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘நியூஸ்’ ஒரே நாளில் பதிவானது. தாளத் தளம் இரண்டிலும் ஒன்று. மேலே பேசும் குரல்கள் வேறு. ‘எக்ஸ்பெக்டேஷன்’ தொகுப்பில் நெதர்லாந்தைச் சேர்ந்த சாக்ஸபோன் கலைஞர் கேண்டி டல்ஃபரும், சில உருப்படிகளில் வயலின் கலைஞர் வனெஸா-மேயும் வாசித்தார்கள். ‘நியூஸ்’ தொகுப்பில் எரிக் லீட்ஸ் திரும்பி வந்தார். பியானோவில் ரெனாட்டோ நேட்டோ அமர்ந்தார்.

‘எக்ஸ்பெக்டேஷன்’ கச்சிதமானது. டல்ஃபரின் வாசிப்பில் வெயில் போன்ற ஒரு தெளிவு உண்டு. சொற்கட்டுகளைக் குறுக்கி, அழுத்தி, விரைவாகச் சொல்லி முடிப்பவர் அவர். வயலின் நுழையும் இடங்களில் இசை ஜாஸிலிருந்து விலகி வேறொரு பரப்புக்குப் போய்விடுகிறது. அது சிலருக்கு உவப்பாகவும் சிலருக்கு ஒட்டாததாகவும் தோன்றும். எனக்கு ஒட்டவில்லை. இருப்பினும் பிளாக்வெல்லின் டிரம்ஸை அதன் முழு நுட்பத்தோடு கேட்க விரும்புகிறவர் இந்தத் தொகுப்புக்குத்தான் வர வேண்டும். வேகமான உருப்படிகளில்கூட அவர் கைகள் ஓசையைக் கூட்டுவதில்லை. பெரிய அடிகளுக்கு நடுவே உள்ள சின்னஞ்சிறு அடிகளால் தாளத்தை நிரப்பிக்கொண்டே போகின்றன. 2017-இல் அவர் இளம் வயதிலேயே மறைந்தது இந்த இசைக்கு நேர்ந்த பேரிழப்பு.

‘நியூஸ்’ நான்கு திசைகளின் பெயர் கொண்ட நான்கு உருப்படிகளால் ஆனது. ஒவ்வொன்றும் சரியாகப் பதினான்கு நிமிடங்கள் ஓடுகிறது. தூக்கம் வருகிறது என்பவர்களின் குறை எங்கிருந்து பிறக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. அவர்கள் மெட்டை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். அந்தத் தொகுப்போ மெட்டைத் தருவதற்கு அவசரப்படுவதே இல்லை. சில நிமிடங்கள் ஒரே மனநிலையில் மிதந்துவிட்டு, திடீரென்று தாளம் மாறி, முற்றிலும் வேறோர் இடத்துக்கு வந்து சேர்கிறது. ‘8’-இல் நடக்காதது இங்கே நடக்கிறது: ஐந்து பேர் ஒரே அறையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள். லீட்ஸ் ஒரு சொற்கட்டை முடிக்காமல் விடும்போது நேட்டோவின் பியானோ அதை எடுத்துக்கொள்கிறது. பிரின்ஸின் கிதார் பல நிமிடங்கள் வாய் திறவாமல் இருந்துவிட்டு, தன் முறை வந்த பிறகே பேசத் தொடங்குகிறது. மேடையில் தம்மைத் தவிர வேறெவரையும் பார்க்கவிடாத ஒரு கலைஞர், பிறருக்கு இத்தனை இடம் கொடுத்து ஒதுங்கி நின்றதை நான் மிகவும் மதிக்கிறேன். 1978-இல் வெளிவந்த முதல் தொகுப்பிலேயே எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்தவர் அவர் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நான்கும் ஒரே அளவில் நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு எல்லா உருப்படிகளுக்கும் நன்மை செய்யவில்லை. ஓரிடத்தில் பேச்சு முடிந்த பிறகும் நேரம் மிஞ்சுகிறது. வேறோரிடத்தில் சூடு பிடிக்கும்போதே நேரம் தீர்ந்துவிடுகிறது. ஆகவே, ‘ஒரே முழுமையான முயற்சி’ என்பதில் ‘முழுமையான’ என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. உரையாடல் என்ற அளவுகோலில் மற்ற எல்லாத் தொகுப்புகளையும்விட அது உயர்ந்து நிற்கிறது என்பதை ஏற்கிறேன். கிராமி விருதுக் குழு அதைப் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தபோது, ஜாஸ் பிரிவில் வைக்காமல் பாப் வாத்தியத் தொகுப்புப் பிரிவில் வைத்தது. உங்கள் வட்டத்தில் உள்ள தயக்கம் அவர்களுக்கும் இருந்திருக்கும் போலும்.

கேள்வி: மைல்ஸ் டேவிஸும் பிரின்ஸும் சேர்ந்து வாசித்தார்கள் என்பது உண்மையா, ரசிகர்கள் கட்டிய கதையா?

பதில்: உண்மைதான். 1987 டிசம்பர் 31 இரவு, பெய்ஸ்லி பார்க்கில் நடந்த நிகழ்ச்சியில் மைல்ஸ் மேடையேறிச் சிறிது நேரம் வாசித்தார். அதற்கு முன்பே, மைல்ஸின் 1986-ஆம் ஆண்டுத் தொகுப்புக்கென்று பிரின்ஸ் ஓர் உருப்படியை அனுப்பினார். மைல்ஸ் அதன்மேல் டிரம்பெட் வாசித்துப் பதிவும் செய்தார். ஆனால் பிரின்ஸே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தப் பதிவும் புத்தாண்டு இரவு நிகழ்ச்சியின் காட்சிப் பதிவும் 2020-இல் வந்த ‘சைன் ஓ த டைம்ஸ்’ விரிவுப் பதிப்பில்தான் முறைப்படி வெளிவந்தன. மைல்ஸ் தம் தன்வரலாற்றில், பிரின்ஸ் இப்படியே தொடர்ந்தால் நம் காலத்து டியூக் எலிங்டனாக, அதாவது அந்தப் பெரும் ஜாஸ் இசையமைப்பாளரைப்போல, வளரக்கூடும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். 1960-களின் இறுதியில் மைல்ஸ் ஒரு தொகுப்பின் அட்டையில் ‘இசையில் திசைகள்’ என்ற பொருள்பட ஒரு வரி அச்சிட்டிருந்தார். அதை நினைவூட்டும் வரி ஒன்றை பிரின்ஸ் 2003-இல் ‘எக்ஸ்பெக்டேஷன்’ தொகுப்புக்கு இட்டுக்கொண்டார். அந்த மரியாதை கடைசிவரை குறையவில்லை.

கேள்வி: பிரின்ஸின் தந்தை ஜாஸ் கலைஞர் என்று படித்தேன். இந்தத் தொகுப்புகளில் அவருடைய சாயல் இருக்கிறதா?

பதில்: தந்தை ஜான் நெல்சன் மினியாபொலிஸில் பியானோ வாசித்த ஜாஸ் கலைஞர். ‘பிரின்ஸ் ராஜர்ஸ்’ என்பது அவருடைய மேடைப்பெயர். அதையே மகனுக்குச் சூட்டினார். 1980-களில் சில பாடல்களின் ஆக்கத்தில் மகன் தந்தையின் பெயரையும் சேர்த்து வெளியிட்டார். 2001-இல் தந்தை மறைந்தார். அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளில்தான் பிரின்ஸ் தம் சொந்தப் பெயரில் வாத்திய இசையை இவ்வளவு வெளிப்படையாக வெளியிடத் தொடங்கினார். இது காரண காரியம் என்று அடித்துச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனாலும் ‘நியூஸ்’ கேட்கும்போதெல்லாம், புனைபெயரின் பின்னே இனி ஒளியத் தேவையில்லை என்று முடிவு செய்த ஒரு மகனின் வாசிப்பாகவே அது எனக்குப் படுகிறது.

கேள்வி: ‘8’, ‘16’ என்று போன வரிசையில் ‘24’ ஏன் வரவில்லை?

பதில்: அதற்கான பதிவுகள் நடந்தன, தொகுப்பு வெளிவரவில்லை. 1980-களின் இறுதியில் பதிவானவற்றில் பலவற்றை எரிக் லீட்ஸ் 1991-இல் தம் பெயரில் வெளியிட்ட ‘டைம்ஸ் ஸ்கொயர்டு’ தொகுப்பில் கேட்கலாம். பின்னர் 1990-களில் பிரின்ஸ் மேட்ஹவுஸை மீண்டும் உயிர்ப்பிக்க முயன்றார். அந்த முயற்சியிலிருந்து பதினேழாவது உருப்படி மட்டும் 1994-இல் ஒரு கதம்பத் தொகுப்பில் இடம்பெற்றது. ‘8’-ஐ விரும்பிக் கேட்டவர்கள் லீட்ஸின் அந்தத் தொகுப்பைக் கட்டாயம் தேடிக் கேட்க வேண்டும். அவர் பெயருக்குரிய கவனம் அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

கேள்வி: ஜாஸ் கேட்டுப் பழக்கமே இல்லாதவள் நான். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: மேட்ஹவுஸின் ஆறாவது உருப்படியில் தொடங்குங்கள், பிறகு ‘8’ முழுவதையும் வரிசை மாற்றாமல் கேளுங்கள். அது பிடித்திருந்தால் ‘எக்ஸ்பெக்டேஷன்’ தொகுப்புக்குப் போகலாம். ‘நியூஸ்’ தொகுப்பை ஒரே அமர்வில் கேட்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு திசை போதும். முதல் முறை லீட்ஸை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த முறை பிளாக்வெல்லை மட்டும். மூன்றாம் முறை கேட்கும்போது, பிரின்ஸ் எங்கெங்கே வாசிக்காமல் இருக்கிறார் என்பதைக் குறித்துக்கொண்டே வாருங்கள். கேட்டுவிட்டு எந்தத் திசை உங்களுக்குப் பிடித்தது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் பேசுவோம்.